இரவல் வாங்கியவள்

உலு திராம் என்ற ஊரில், வெளிநாட்டு ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான விடுமுறை முகாமில், கல்லூரி லீவுக்கு நானும் அவளும் வேலை பார்த்தோம். அவள் தங்காக் என்ற ஊர்க்காரி. ஒல்லி உடம்பு, தோளில் எப்போதும் ஈரத்துண்டு, உயராத குரல். நான் தொண்டை கிழியக் கத்தி விளையாட்டுக் காட்டுவேன். பிள்ளைகளோ அவளிடம்தான் ஓடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பும்போது யாரிடமாவது எதையாவது இரவல் வாங்குவாள். ஒருத்தியின் கிளிப், ஒருவனின் தொப்பி. மறுநாள் காலையில் அதைக் கேட்டு ஓடி வருவார்கள்.

"சின்னப் பிள்ளைங்க சாமான எதுக்கு வாங்குற? உனக்குன்னு ஒண்ணும் இல்லையா?" என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டேன்.

"இதுங்க அப்பாவுக்கு மாத்தல் வந்துகிட்டே இருக்கும் லா. யார்கிட்டயும் ஒட்டாதுங்க. பொருள் நம்மகிட்ட இருந்தா, நாளைக்கு நம்மள தேடி வரணும்ல?" என்று சிரித்தாள்.

கடைசி நாள் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழாத பிள்ளை இல்லை. எனக்குக் கையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ் மறைந்த பிறகுதான் உறைத்தது. அத்தனை நாளில் என்னிடம் அவள் ஒரு பேனாகூட இரவல் வாங்கவில்லை.