ஜரினா அக்காவின் பெட்டியைச் சேவியர் அண்ணன் சுத்தம் செய்த மதியம்

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்கள்: எங்கள் ஒலி வாடகைக் கம்பெனியின் முதலாளி சேவியர் அண்ணன், நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த வெய் லுன், இசை வாசிப்பதற்காகப் பத்து பாகாட்டிலிருந்து வந்திருந்த ஜரினா அக்கா, நான். இல்லாதவர்கள்: எங்கள் லாரி டிரைவர் குமார், மச்சான் கல்யாணம் என்று லீவு போட்டிருந்தான், ஜரினா அக்காவின் கணவர் நசீர் பாய், தீபாவளி வியாபாரத்தில் ஜவுளிக்கடையை விட்டு நகர முடியவில்லை, யாருடைய நினைவாக நிகழ்ச்சியோ அந்த ஜெர்மன் இசைக்கலைஞர், அவர் காலமாகிவிட்டிருந்தார்.

குமார் வராததால் லாரியை நிறுத்த நான் போக வேண்டியிருந்தது. ஜொகூர் பாருவில் சனிக்கிழமை மதியம் லாரிக்கு இடம் தேடியவர்களுக்குத் தெரியும், அது சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். அதனால் முதலில் வேலையைப் பற்றி.

சீரோ

எங்கள் கம்பெனி உலு திராமில் இருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், சர்ச் ஆண்டுவிழா, அரசியல் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர், மிக்சர், மைக் கொண்டுபோய் வைப்போம். என் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரிக்குக் குலை ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவம் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அம்மா கேட்டார், "அவ்ளோ படிச்சிட்டு அப்பா மாதிரியே மூட்டை தூக்கறியேடா, இதுக்குச் சட்டைக்கு இஸ்திரி வேற." ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு மூட்டைதான், ஒப்புக்கொள்கிறேன்.

சேவியர் அண்ணன் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சீரோ. கரண்டை நிறுத்தும் முன் மிக்சரில் இருக்கும் ஒவ்வொரு குமிழையும் கடைசி வரைக்கும் இறக்க வேண்டும். இறக்காமல் நிறுத்தினால் 'டம்' என்று ஒரு உதை வரும், ஸ்பீக்கரின் உள்தாள் கிழிந்துவிடும். அடுத்தது வயர். ஒன்று விடாமல் கழற்றி, நிறம் பார்த்து, நீளம் பார்த்து, வளையமாகச் சுற்றி வைக்க வேண்டும். எங்கள் சாமான் மட்டும் இல்லை, மேடையில் யார் சாமான் கிடந்தாலும் அண்ணனுக்குப் பொறுக்காது. ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரரின் வயரைச் சுற்றிக் கொடுத்து, கூடவே திட்டும் கொடுத்திருக்கிறார். "நாளைக்கு இது உனக்குச் சோறு போடணும்லா. தரையில போட்டு மிதிக்கிறியே." அந்த வீடியோக்காரர் இப்போது எங்களுக்குத்தான் ஆள் பிடித்துத் தருகிறார்.

மைக் இல்லாத நிகழ்ச்சி

வெய் லுன் கடைக்கு வந்து பேசியபோது நானும் இருந்தேன். பேச்சு மலாயில் நடந்தது.

"எத்தனை மைக்?" என்று அண்ணன் கேட்டார்.

"மைக் வேண்டாம் பாஸ். யாரும் பாடமாட்டார்கள்."

"சரி, டிரம்?"

"கிடையாது. ஒரு ஆள், ஒரு மெஷின், ஒன்றரை மணி நேரம்."

அண்ணன் என் பக்கம் திரும்பித் தமிழில், "அலமாக், வாஷிங் மெஷின் விக்கறானா?" என்றார்.

அந்த ஜெர்மன்காரரைப் பற்றி எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு ஜரினா அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இளவயதில் ராக் குழுக்களில் டிரம் அடித்தவர். ஒருநாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மின்சாரத்திலிருந்து ஒலி எடுக்கும் இயந்திரங்களிடம் வந்து சேர்ந்தார். பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்று இருந்த காலத்தில், ஒரே ஒரு துண்டு இசையை அரைமணி நேரத்துக்கு மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போனார். மேடையில் அந்த நேரத்தில் கைக்கு வருவதைத்தான் வாசிப்பாராம். இன்று டான்ஸ் கிளப்பில் கேட்கிற துடிப்பிலும், படத்தில் வானத்தையோ கடலையோ காட்டும்போது பின்னால் நீண்டு வருகிற ஒலியிலும் அவரைப் போன்றவர்களின் கை இருக்கிறது என்று அக்கா சொன்னார். அதற்குப் பிறகு கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா அவரைக் கேட்கத் தொடங்கியது சிங்கப்பூருக்குப் போகிற பாலத்தில். கல்யாணத்துக்கு முன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. தினமும் விடியும் முன்னே பஸ். "ஒரு துண்டு முடியறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடலாம். ஜாம் இருந்தா ரெண்டு துண்டு. மத்தவங்க எல்லாம் ஜாமைத் திட்டுவாங்க, நான் திட்டினதே இல்ல தம்பி."

கல்யாணமாகிப் பத்து பாகாட் ஜவுளிக்கடைக்கு வந்த பிறகு, மாடியில் சேலைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உதிரிப் பாகங்கள் வாங்கி, தானே சால்டர் செய்து ஒரு சிந்தசைசர் கட்டினார். ஆளுயரம் இல்லை, இடுப்புயரம் இருக்கும். முகம் முழுக்கக் குமிழ்களும் ஓட்டைகளும். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயர் போகிறது, எந்தக் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறும்.

இதுவரை அவர் வாசித்துக் கேட்டவர்கள் நசீர் பாயும், கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களும்தான். வெளி ஆட்கள் முன்னால் வாசிக்க ஒப்புக்கொண்டது இதுவே முதல் முறை. அதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு துண்டை அமைத்திருந்தார்.

மதியம்

சவுண்ட் செக் நன்றாகவே நடந்தது. ஸ்பீக்கரில் மட்டும் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஏர்கானும் எங்கள் சாமானும் ஒரே லைனில் இருந்ததுதான் காரணம். அக்கா லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வருவதாகக் கிளம்பினார். வெய் லுன் வாசலில் மேசை போடப் போனான். நான் லாரிக்குப் போனேன்.

தனியாக இருந்த சேவியர் அண்ணன் இரைச்சலைப் போக்க, எல்லாவற்றையும் வேறு பிளக்குக்கு மாற்ற முடிவு செய்தார். மாற்ற வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமானால் சீரோ.

நான் மேலே மண்டபத்துக்கு வந்தபோது அக்கா எனக்கு முன்னால் உள்ளே நுழைந்திருந்தார். மேடைக்கு ஏறுகிற படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, என்னோட வயரெல்லாம் எங்க?"

"இந்தா இருக்கும்மா." அண்ணன் பெருமையாக மேசையைக் காட்டினார். "தட்டுல மீகூன் நூடுல்ஸ் மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் கழட்டி, கலர் வாரியா சுத்தி வெச்சிட்டேன். சிவப்பு இங்க, மஞ்சள் அங்க. நெட்டை தனி, குட்டை தனி. நோப் எல்லாம் சீரோ. தூசியா இருந்துச்சு, துடைச்சும் விட்டுட்டேன். இப்பக் கேட்டுப் பாருங்க, சத்தமே இருக்காது."

அக்கா பெட்டியைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

"அண்ணே, அதுதான் பாட்டு."

"எது?"

"நீங்க சுத்தி வெச்சது."

அண்ணனுக்குப் புரியவில்லை. "நம்ம மிக்சர் மாதிரி சேவ் பண்ணி வெச்சிருப்பீங்கல்ல? ஒரு பட்டனைத் தட்டினா..."

"இதுல சேவ் கிடையாதுண்ணே," என்றேன் நான். "வயரும் நோப்பும் எங்க நிக்குதோ அதுதான் பாட்டு. எடுத்துட்டா போச்சு."

அவர் கையில் துடைத்த துணி இன்னும் இருந்தது. அதை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"போட்டோ இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. வயர்தான் தெரியுது, பின்னால இருக்கற நோப் ஒண்ணும் தெரியல. தெரிஞ்சாலும் ஒரு மயிரிழை தள்ளினா வேற சத்தம்." குரல் ஏறவில்லை. அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெய் லுன் ஓடி வந்தான். கீழே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "மச்சாம் மானா, பாஸ்?" என்று, இனி எப்படி என்று அண்ணனிடம் கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன்.

வழி ஒன்று இருந்தது. வீட்டில் வாசித்ததை அக்கா போனில் பதிவு செய்து வைத்திருந்தார். அதை மிக்சரில் போட்டுவிட்டு, அக்கா பெட்டிக்கு முன்னால் நின்று குமிழைத் திருகினால் போதும். கல்யாண மண்டபங்களில் இது நடக்காத விஷயம் இல்லை. பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டினால் நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம். அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெய் லுனும் அதுதான் சரி என்றான்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், முகத்தில் தெரிந்தது.

"ரெக்கார்டிங் கேக்கணும்னா அவங்க வீட்லயே கேட்டுக்குவாங்க," என்றார். "நான் அந்த மனுஷன் பேரைச் சொல்லி மேடையில நடிச்சேன்னா, அப்புறம் மாடியில போய் அந்தப் பெட்டி முன்னாடி உக்கார முடியாது. இருக்கறவங்க முன்னாடியே ஒவ்வொண்ணா மாட்டறேன். வந்தா வரட்டும். வரலைன்னா மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று வெய் லுன் மலாயில் கேட்டான்.

"தெரியாது," என்று அக்கா மலாயிலேயே பதில் சொன்னார்.

மேடையில்

அக்கா மேடையேறிச் சுருக்கமாகச் சொன்னார்: இந்தப் பெட்டி இப்போது காலி, இங்கேயேதான் கட்டப்போகிறேன். முதல் வயரைச் செருகினார். அடியில் ஒரு ஒலி, அசையாமல் நின்றது. இன்னொரு வயர். அதே ஒலி, கொஞ்சம் கரகரத்தது. அவ்வளவுதான், ரொம்ப நேரத்துக்கு.

முன்வரிசையில் நசீர் பாய்க்காக ஒரு போனை நிறுத்தி வைத்திருந்தோம், கடையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அதிலிருந்து சத்தமாக, "என்னா ஒண்ணும் கேக்கல? லைன் அவுட்டா?" என்றார். பின்னால் யாரோ சேலைக்குப் பேரம் பேசும் குரலும் வந்தது. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

எனக்கு மிக்சரில் வேலை. ஒரு வயர் தவறான இடத்தில் போனதும் கூரையைப் பிளக்கிற விசில் ஒன்று வந்தது. ஆட்கள் காதைப் பொத்தினார்கள். நான் ஒலியளவு ஃபேடரை இறக்கினேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்த பிறகு மெல்ல ஏற்றினேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

பிறகு அக்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "சிவப்பு, நெட்டை," என்றார்.

மேடை ஓரத்தில் நின்ற சேவியர் அண்ணன் ஒரு நொடி முழித்தார். பிறகு மேசைக்குப் போய்ச் சரியான வயரைப் பிரித்து அந்தக் கையில் வைத்தார்.

"மஞ்சள், குட்டை. ரெண்டு."

கொடுத்தார். கடைசி வரைக்கும் அப்படியே நடந்தது. முதுகில் கம்பெனிப் பேரும் போன் நம்பரும் அச்சடித்த சட்டையில், நீட்டிய கைக்கெல்லாம் வயர் கொடுத்துக்கொண்டு நின்றார். அவரே பிரித்து அடுக்கியதால் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

எட்டு சுரங்களை வரிசையாகத் திரும்பத் திரும்ப அனுப்பும் பாகம் ஓடத் தொடங்கியதும் மண்டபம் அமைதியானது. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் மாறியது. எங்கே மாறியது என்று காட்டிச் சொல்ல முடியவில்லை, ஆனால் முன்பு இருந்த இடத்தில் நாம் இல்லை என்று தெரிந்தது. எழுந்து போன இருவரில் ஒருவர் திரும்பி வந்து கதவோரம் நின்றார். மண்டபக்காரர் உள்ளே வந்து வெய் லுனிடம் கடிகாரத்தைக் காட்டினார். வெய் லுன் என்னைப் பார்த்தான். நான் சேவியர் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேடையில் நின்றபடியே, கையில் பச்சை வயரோடு, மண்டபக்காரரைப் பார்த்து "இரு" என்று கையமர்த்தினார்.

முடிந்ததும் ஒரு பையன் அண்ணனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, நீங்கள் இருவரும் எத்தனை வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறீர்கள் என்று கேட்டான். அண்ணன், "இன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட் டே," என்றார்.

பெட்டியை அக்காவின் வேனில் ஏற்றும்போது அவரிடம் கேட்டேன். "மூணு வாரமா செஞ்சது இதுதானாக்கா?"

"இல்ல. அது போயிடுச்சு." வேன் கதவைச் சாத்தினார். "இது வேற. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது போயிடுச்சு தம்பி."

அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "மன்னிச்சிடும்மா," என்றார். அக்கா, "வயர் சுத்தறது மட்டும் எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே, என்கிட்ட எப்பவும் சிக்கிக்கிது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

தம்பிகளுக்கு

சீரோ தப்பான பழக்கம் இல்லை. அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் சாமானுக்கு இன்றும் அதுதான் சட்டம். ஆனால் மேடையில் இருக்கும் பொருளில் எது அழுக்கு, எது வேலை என்பதை அதன் சொந்தக்காரரிடம் கேட்காமல் நாம் முடிவு செய்யக்கூடாது. சிக்கலாகத் தெரிவது யாரோ உட்கார்ந்து சிக்கலாக்கி வைத்ததாக இருக்கலாம். தெரியவில்லை என்றால் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காத்திருங்கள். இரைச்சல் கொஞ்ச நேரம் இரைந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

நிகழ்ச்சி எங்களால்தான் நீண்டது, அதனால் மண்டபத்தின் கூடுதல் நேர வாடகையை வெய் லுன் தலையில் கட்டச் சேவியர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எங்களுக்குப் பேசியிருந்த வாடகை நானூறு ரிங்கிட். ஏர்கான், விளக்கு எல்லாம் சேர்த்து மண்டபக்காரருக்கு அவர் அங்கேயே எண்ணிக் கொடுத்தது நானூற்று ஐம்பது.