பலாப்பழத்தின் பின்னால் ஓடிய கமரா

என் கணவரின் தங்கைக்குக் கலியாணம் நிச்சயமானதும், வரவேற்பில் போடுவதற்கு ஒரு கார்ட்டூன் படம் நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். லண்டனில், கிங்ஸ்பரியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறவள் நான். வருகிற பிள்ளைகளின் பயம் போகட்டும் என்று சிரிக்கிற பற்களை வரைந்து சுவரில் ஒட்டுவேன். அந்த ஒரு தைரியம்தான்.

கதை தேடத் தேவையிருக்கவில்லை. மணப்பெண்ணுக்கு நடந்ததே போதும். அவளை நான் மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். அவள் ஒருநாள் வெம்பிளியில் முழுப் பலாப்பழம் ஒன்று வாங்கிக்கொண்டு மெட்ரோபொலிட்டன் லைனில் ஹரோவுக்குப் போயிருக்கிறாள். ரயில் சட்டென்று பிரேக் போட, பை கிழிந்து பழம் உருளத் தொடங்கிவிட்டது. அந்த ரயிலில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கதவு கிடையாது. பழம் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக, இவள் எல்லோரிடமும் ‘சொறி, சொறி’ என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறாள். கடைசியில் ஒருவன் சப்பாத்துக் காலால் அதை மறித்தான். பலாப்பழத்தின் பின்னால் ஓடிவருகிறவள் யாராக இருப்பாள் என்று அவனுக்குத் தெரியாதா? தமிழிலேயே கேட்டான்:

“இது பழமோ, காயோ?”

“பழம்தான். மணக்கேல்லையோ?” என்றாள் மச்சாள்.

இப்போது அவன்தான் மாப்பிள்ளை.

படத்தில் நான் செய்ய நினைத்தது சின்ன விஷயம். பழம் உருள வேண்டும், கமரா அதன் பின்னால் ஓட வேண்டும். மென்பொருளில் ரயில், ஆட்கள், பழம் எல்லாவற்றையும் தனித்தனி லேயராக, கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது போல வைக்க வேண்டும். பிறகு, உண்மையில் இல்லாத ஒரு கமராவை அவற்றுக்கு முன்னால் நகர்த்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மச்சாள் வந்தாள். நான் கமராவை ஓட்டிக் காட்டினேன். ரயில் ஓடியது, ஆட்கள் ஓடினார்கள், பழம் மட்டும் திரையின் நடுவில் பொட்டு வைத்தது போல அப்படியே நின்றது. வீடியோக்களைத் துருவிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு லேயருக்கும் பெட்டி வடிவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாவிட்டால் அந்த லேயர் கமராவைச் சட்டையே செய்யாது. அழுத்தினேன். பழம் உருண்டது, ஆனால் பெண்ணைக் காணவில்லை.

“மச்சாள், நான் எங்க?”

தேடினோம். ஒரு சீட்டுக்குப் பின்னால் அவளுடைய சுருட்டை முடி மட்டும் எட்டிப் பார்த்தது. பட்டியலில் அவளை எல்லோருக்கும் மேலேதான் வைத்திருந்தேன். அந்தப் பொத்தானை அழுத்தியபின் பட்டியலுக்கு மதிப்பில்லையாம். கமராவுக்குக் கிட்ட யார் நிற்கிறார்களோ அவர்தான் முன்னால். சரி என்று அவளைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தேன். கொஞ்சம் கூடிவிட்டது.

“என்ர மூக்குத் துவாரத்துக்குள்ளால ரயில் போகுது,” என்றாள் மச்சாள். அதற்குமேல் அவளால் பேச ஏலவில்லை. கதிரையிலிருந்து வழுகி நிலத்தில் இருந்தாள். எனக்கும் சிரிப்பில் மௌஸ் பிடிக்கக் கை நிற்கவில்லை.

அடுத்த வாரம் கமராவைப் பழத்துக்கு நல்ல கிட்டக் கொண்டுபோனேன். பழத்தைத் தாண்டிய அந்தக் கணத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கமரா பழத்தையே பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேனாம், அதனால் தாண்டியதும் குப்புறப் புரண்டு திரும்பிப் பார்க்கிறதாம். தேநீரோடு வந்த என் கணவர் திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“ஏன் எல்லாரும் வௌவால் மாதிரித் தொங்கினம்?”

“இந்தக் கமரா சொல்வழி கேக்குதில்லை,” என்றேன்.

“நான் ஒருக்கா தட்டிப் பாக்கட்டோ?”

தட்டினார். ரயில், தண்டவாளம், ஹரோ, எல்லாமே மறைந்து வெள்ளைத் திரை மிஞ்சியது. நான் கணினியை மூடிவிட்டு அரிசி கழுவப் போனேன். அரிசி, கழுவினால் கழுவினபடியே இருக்கும்.

எப்படியோ படம் ஒப்பேறியது. கலியாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் மீசை மெல்லிசாக இருக்கிறதே என்று பார்த்து, தடிப்பாகப் புதிதாக ஒன்று வரைந்து வைத்தேன். அங்கேதான் பிழை நடந்தது. அந்த மீசைக்குப் பெட்டிப் பொத்தானை அழுத்த மறந்துபோனேன்.

ஹரோவில், மண்டபம் நிறைய ஆட்கள். பழம் உருண்டு, சப்பாத்தில் முட்டி நிற்க, கமரா மேலே போய் மாப்பிள்ளையின் முகத்தில் நின்றது. மீசை சரியாக இருந்தது. “இது பழமோ, காயோ?” என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கமரா பெண்ணின் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை போய்விட்டார், மீசை போகவில்லை. வந்து நின்ற மச்சாளின் மேலுதட்டில் அது கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்து, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு. கடைசியாகப் பழத்துக்கு.

மேசைக்குக் கீழே புகுந்துவிடலாமா என்றிருந்தது. பக்கத்தில் கணவரின் தோள் நடுங்கியது, கோபம் என்று நினைத்தேன். அப்போது முன் வரிசையில் அதுவரை முகம் இறுகியே இருந்த மாப்பிள்ளையின் தகப்பன் நிதானமாகச் சொன்னார்:

“மூண்டு பேரிலயும் பழத்துக்குத்தான் வடிவாயிருக்கு.”

மேடையில் மாப்பிள்ளை மெதுவாகக் கையை உயர்த்தித் தன் மீசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், மண்டபம் வெடித்துவிட்டது. மச்சாள் மாலையோடு குனிந்து, கண்மை கன்னத்தில் வழியச் சிரித்தாள். கோபம் என்று நான் நினைத்தது கணவரின் அடக்கிய சிரிப்பு. திரும்பப் போடச் சொன்னார்கள். திரும்பவும் போட்டோம்.

சாப்பாட்டு வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தாள்.

“நீங்கள்தானே படம் செய்தது? எங்கட மகளின்ர பேர்த்டேக்கும் ஒண்டு செய்து தர ஏலுமோ? மீசை கட்டாயம் வேணும்.”

“ஆருக்கு மீசை, உங்கட அவருக்கோ?”

“இல்லை, மகளுக்குத்தான்,” என்றாள். “அவதான் கேட்டு விட்டவ.”