நாரைத் திட்டு அம்சம்

வாளியில் கரைத்த சுண்ணாம்பில் தென்னந்துடைப்பத்தை முக்கி, கருவேல மரத்தின் உச்சிக் கிளையைப் பார்த்து விசிறுகிறார் அம்சம். பாதி கிளையில் விழுகிறது. மீதி அவர் தலையில். துடைத்துக்கொள்வதில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறார். "எச்சம் மாதிரி இருக்கா? சொல்லுங்க." பத்திரிகைக்கு எழுத வந்திருந்த நான், இருக்கிறது என்றேன். "உங்களுக்கு இருந்தாப் பத்தாது. அவுங்களுக்கு இருக்கணும்."

'அவுங்க' என்பது நத்தைக்குத்தி நாரைகள். நன்னிலம் பக்கத்து ஏரியொன்றின் நடுவே இருக்கும் இந்த அரை ஏக்கர் திட்டில், ஐப்பசி மழை பிடித்ததும் அவை கூட்டமாக வந்து கூடு கட்டுமாம். ஐந்து வருஷமாக ஒன்றுகூட இறங்கவில்லை. எச்சத்தால் வெளுத்த மரத்தைக் கண்டால், தன் இனம் ஏற்கெனவே குடியிருக்கிறது என்று நம்பி நாரை இறங்கும் என்பது அம்சத்தின் கணிப்பு. கூத்தாநல்லூரில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கும் மீரா உசேன், "வூட்டுக்கு வெள்ளையடிக்கக் கேப்பாங்க. நீ மரத்துக்குக் கேக்குறியேம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். சிரித்தபடியே இரண்டு கூடை அள்ளியும் கொடுத்திருக்கிறார்.

நாரைகளை விரட்டியது எலி. எலியைக் கொண்டுவந்தது மிராசுதார் ரெங்கசாமி. அறுபத்தெட்டில் கூலித் தகராறு முற்றி, சர்க்காருக்கு அளக்க வேண்டிய லெவி நெல்லுக்கு அதிகாரிகளும் வீடு வீடாக வந்தபோது, மனிதர் தன் நெல் மூட்டைகளைப் படகில் ஏற்றி இந்தத் திட்டில் பதுக்கினார். மூட்டையோடு எலியும் குடியேறியது. பிறகு நெல் வீட்டுக்குப் போயிற்று, எலி போகவில்லை. முட்டை, குஞ்சு எதையும் அது விட்டுவைக்கவில்லை.

திருட்டுத்தனமாக ஒளித்துவைத்த அதே இடத்தைத்தான் தன் நெற்களம் என்று சொல்லி மிராசுதார் இப்போது பட்டா கேட்டு மனுப் போட்டிருக்கிறார். பறவை அடையும் திட்டு என்று பழைய ஆவணத்தில் இருப்பதால் அது சர்க்கார் புறம்போக்கு. பறவைதான் இல்லையே என்கிறார் அவர். திட்டு கைக்கு வந்தால் அடுத்து ஏரித் தண்ணீரில் கை வைப்பார் என்பது ஊருக்கே தெரியும். மதகுக்குக் கீழேதான் அம்சத்தின் தெருவுக்கு உச்சவரம்புச் சட்டத்தில் போன வருஷம் கிடைத்த நிலம் இருக்கிறது. முதல் நடவே இன்னும் கதிர் பிடிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அம்சத்துக்கு எரியவில்லை, வேலை இருந்தது.

எலிக்கு மருந்து வைக்கச் சொன்னார்களாம். "மருந்து வெச்சா எலியத் தின்ன பருந்தும் போவும்" என்று மறுத்துவிட்டு, மூங்கில் கிட்டிப் பொறி நூறு கட்டினார். வளைக்குள் புகை ஊதினார். எலி ஒழிய இரண்டு கோடை ஆயிற்று. பிடித்ததை என்ன செய்தீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வறுத்துத் தின்னோம். எலி தின்னிங்கன்னு ஏசுறாங்க. ஆமா, தின்னோம். மிராசு நெல்லத் தின்னு கொழுத்த எலி. எங்க கூலிதானே அது!"

இன்றும் வாழைத் தெப்பத்தில் யார் ஏறினாலும் கையிலிருப்பதைக் கொட்டிக் காட்டியாக வேண்டும். என் தோள்பையையும் கவிழ்த்து உதறினார். பேனாவும் பாதி வடையும் விழுந்தன. வடையைத் திருப்பித் தரவில்லை, வாசனைக்கு எலி வருமாம். நாரைக்கு 'வாங்க போங்க' மரியாதை. ஒரு காலத்தில் 'ஆண்டே' என்று அழைத்த ரெங்கசாமிக்கு இப்போது வெறும் 'மிராசு'தான். அந்தப் பழைய சொல்லை விட்டதற்காக ஒரு போகம் முழுக்க யாரும் அம்சத்தை வேலைக்குக் கூப்பிடவில்லை. "கூப்புடாட்டிப் போறாங்க. பட்டினி எனக்குப் புதுசா?"

கார்த்திகையில் முதல் ஜோடி இறங்கியது. மார்கழிக்குள் பதினோரு கூடு. மிராசுதார் தாலுகா ஆபீசுக்கு ஓடி, எல்லாம் சுண்ணாம்பு, இவள் செய்த ஏமாற்று என்று புகார் சொன்னார். "ஆமா, சுண்ணாம்புதான். நாந்தான் அடிச்சேன். முட்டையையும் நானா வுட்டேன்?" என்றார் அம்சம்.

தாசில்தாரே நேரில் வந்தார். படகில் அவர், மிராசுதார், இடம் கேட்டு ஏறிக்கொண்ட நான். திட்டுக்குப் பத்து முழம் இருக்கும்போது, நெஞ்சளவு தண்ணீரில் அம்சம் குறுக்கே நின்றார்.

"அம்சம், வழிய வுடு. ஐயா எறங்கிப் பாக்கணும்" என்றார் மிராசுதார்.

"எறங்கக் கூடாது. நாரைங்க அடையில ஒக்காந்திருக்காங்க. ஆள் ஏறுனா எந்திரிச்சிடுவாங்க. எந்திரிச்சா முட்டையக் காக்கா தூக்கிடும்."

"சர்க்கார் வேலையைத் தடுக்கிறியாம்மா?" என்றார் தாசில்தார்.

"தடுக்கலீங்க. இங்கேருந்தே பாத்து எழுதிக்குங்க. களத்துக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இந்த வேலைக்கு வந்தீங்க?"

தாசில்தார் மரத்தைப் பார்த்தார். மேலே ஒரு நாரை அலகைக் கடகடவென்று தட்டியது. மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க எழுந்தார்.

அம்சம் படகின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றி, எங்கள் மூன்று பேரையும் சேர்த்துக் கரைப் பக்கமாகத் தள்ளினார்.