அந்த அக்கா ஷிப்டில் மட்டும் நின்றுபோன மெஷின்

போன வருஷம் ஆடி மாசம். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அங்கே பிரேக் பாகங்களைச் சோதிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதை ஓட்டும் மென்பொருள் அரதப்பழசு. புது கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதனால் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றை உருவாக்கி, அதற்குள் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விர்ச்சுவல் மெஷின் என்போம். அதுதான் திடீர் திடீரென்று தானாக மூடிக்கொண்டது. அது மூடினால் சோதனை நிற்கும், சோதனை நின்றால் உற்பத்தி லைனே நிற்கும்.

போனதும் மேனேஜர் கேபினுக்குள் கூப்பிட்டார்.

"நீங்க பெருசா நோண்ட வேணாம். ஆபரேட்டர் மிஸ்டேக்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டுப் போங்க. ஒரு லேடி இருக்கா, அவ ஷிப்ட்ல மட்டும்தான் கிராஷ் ஆவுது. நான் எப்ப பார்த்தாலும் நின்னுகினுதான் இருக்கு. மத்த ஷிப்ட்ல ஒரு வாட்டி கூட நிக்கல."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. பார்க்கவே வேண்டாம் என்றால் என்னை எதற்குக் கூப்பிட்டார்?

அந்த அக்கா வடக்குப்பட்டுக்காரர். காண்ட்ராக்ட் வேலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரவேண்டும் என்பதால் காலை ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கியிருந்தார். லைனில் இருந்த எல்லாரையும் நிற்க வைத்து, "இவ கை வச்சா எதுவும் வெளங்காது" என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். இப்போது பேக்கிங்கில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டரும் சொல்லிவிட்டார். நான் போய் அந்த அக்காவிடம் பேசினேன்.

"நான் இன்னா சார் பண்ணேன்? பட்டன அமுக்குறேன், அது பாட்டுக்கு ஓடுது. திடீர்னு ஸ்கிரீன் கறுப்பாயிடுது. செல்லு கூட லாக்கர்ல வச்சுட்டுதான் வரேன்" என்றார். அழவில்லை. அழுது முடித்திருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். விர்ச்சுவல் மெஷினுக்கு மெமரியைக் கூட்டினேன், மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் சரியாகவில்லை. மறுநாள் காலை, கீபோர்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போதே அது மூடிக்கொண்டது. அந்த அக்கா பேக்கிங்கில் இருக்கிறார். இதை மேனேஜரிடம் சொன்னால், "அவ போறப்போ ஏதாச்சும் பண்ணி வச்சிருப்பா" என்கிறார்! வந்த கோபத்துக்கு மேஜையில் ஓங்கிக் குத்தலாம் போலிருந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் தானாகப் பதிந்து வைக்கிற குறிப்புகளை வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு முறையும் மூடுவதற்குச் சற்று முன்னால் வேறொரு மென்பொருள் உயிர் பெற்றிருந்தது. தூரத்திலிருந்து இன்னொருவர் திரையைப் பார்க்க உதவும் மென்பொருள். அது திரையைப் படம் பிடிக்கத் தொடங்கியதும் திரையைக் காட்டும் கிராபிக்ஸில் இரண்டுக்கும் மோதல் வந்து விர்ச்சுவல் மெஷின் செத்துப்போகிறது. அப்படிப் பார்த்தது யார்? மேனேஜர்தான். தன் கேபினிலிருந்து வேவு பார்க்க அவரே போடச் சொன்னது. மதியத்துக்கு மேல் அவர் மீட்டிங்கில் இருப்பார், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். அதனால்தான் மற்ற ஷிப்ட்களில் ஒன்றுமே ஆகவில்லை. அவர் எட்டிப் பார்த்ததால் மெஷின் நின்றது. நின்றதைப் பார்த்து அந்த அக்காவைத் திட்டினார்.

கேபினுக்குப் போய், "இப்ப அந்த மெஷின உங்க ஸ்கிரீன்ல திறந்து பாருங்க சார்" என்றேன். திறந்தார். கண்ணாடிக்கு வெளியே லைன் நின்றது. காரணத்தைச் சொன்னேன். மனிதர் சிரித்தார்.

"ஓ, இவ்ளோதானா? எடுத்து விட்டுடுங்க."

"அந்த அக்காவுக்கு என்ன சார் சொல்லப் போறீங்க?" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அது உங்க வேலை இல்ல."

"ஆபரேட்டர் மிஸ்டேக்னு ரிப்போர்ட் கேட்டீங்கல்ல, அப்ப மட்டும் என் வேலையா இருந்துச்சா?" என்று கத்திவிட்டேன். அந்த மென்பொருளை நீக்கினேன். காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதி, அவருக்கும் பெரிய அதிகாரிக்கும் சேர்த்தே மெயில் போட்டேன்.

அடுத்த வாரம் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். மேலிடத்திலிருந்து சொல்லி, அந்த அக்காவைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் வந்து, "ம், ஸ்டார்ட் பண்ணு" என்றார். அந்த அக்கா பட்டனைத் தொடவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் திட்டுனீங்க சார். மெஷின் ஏன் நின்னுச்சுன்றதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மேனேஜர் முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்தார். பக்கத்து மெஷின்களிலும் யாரும் கையை அசைக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொண்டையைச் செருமிவிட்டு இங்கிலீஷில் என்னவோ முணுமுணுத்தார். சிஸ்டம் இஷ்யூ என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

"தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார் அந்த அக்கா.

மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு, "இவங்க மேல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்றார். அந்த அக்கா நன்றியும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பட்டனை அமுக்கினார்.

அந்த மேனேஜர் புகார் கொடுத்ததால் என்னை அந்தக் கம்பெனிக்கு மறுபடி அனுப்பவில்லை. "உனக்கு எதுக்குடா ஊர் வம்பு?" என்று எங்கள் ஓனர் திட்டினார். திட்டட்டும். ஒரு கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்று தேட வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டவர்கள், ஒரு மனுஷியிடம் என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேட்கவே இல்லையே என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு ஆறிவிடக்கூடாது என்றுதான் ஒவ்வொரு கம்பெனிக்குள் நுழையும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.