மறுசோறு வேண்டாம் என்றவர்

சுசீந்திரம் பேருந்து நிறுத்தத்தின் எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. நண்பகல். என் அருகே உண்டு முடித்த வெளிநாட்டு இளைஞர், உணவுக்குரிய விலையைக் கொடுத்தபின் மேலும் ஒரு நூறு ரூபாய்த் தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுகிறார். சமைத்துப் பரிமாறிய கடைக்கார அம்மையார் அத்தாளோடு என்னிடம் வருகிறார்.

"அண்ணாச்சி, இவரு எதுக்குக் கூடத் தாறாரு?"

உண்டவர் மனம் நிறைந்தால் பரிமாறியவருக்குக் கூடுதலாகத் தருவது அவர்கள் நாட்டு வழக்கம் என்று விளக்குகிறேன்.

"மனசு நெறஞ்சவரு மறுசோறு வேண்டாம்னு கையை மறிச்சாரே! புளிசேரியத் தொடவே இல்ல. எஞ் சமையல் நல்லால்லன்னு சொல்ல வெக்கப்பட்டுல்லா துட்ட வச்சிட்டுப் போறாரு!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், இளைஞர் முகம் சிவந்து, முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு மீண்டும் அமர்கிறார். புதிய இலையில் சோறும், மோர்க்குழம்பு போன்ற புளிசேரியும் விழுகின்றன. பாதியிலேயே அவர் மூச்சு வாங்கி, "போதும்" என்னும் தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொள்கிறார். கன்னியாகுமரிப் பேருந்து அவரை விட்டுவிட்டுப் புறப்படுகிறது.

"இப்பம் தந்தா வாங்கலாம்" என்று அம்மையார் சிரித்தபடி தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பக்கம் திரும்புகிறார்.

"அண்ணாச்சி, நீங்களும் மறுசோறு வாங்கல்லியே?"

மடித்து வைத்த என் இலையை நான் மெல்ல விரிக்கிறேன்.