கேக்கில் எழுதிய ஆறு

கல்முனையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். அன்று வந்த ஓடர் ஒரு தாயிடமிருந்து. அவருடைய மகள் குர்ஆனை மனனம் செய்யும் ஹிப்ளு மத்ரஸாவில் படிக்கிறாள். குர்ஆனின் முப்பது பாகங்களில் ஆறைப் பார்க்காமல் ஓதி முடித்திருந்தாள்.

"கேக்குல பெரிசா ஆறு எண்டு போடுங்க தங்கச்சி. அரபு நம்பர்ல போடுங்க," என்றார் போனில்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்து ஓதுகிறோம், ஓர் ஆறு எழுதத் தெரியாதா என்ற நினைப்பு.

கேக்குக்கு ஐசிங் பூசி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு எங்கள் பழைய குர்ஆனைத் திறந்தேன். இந்தியாவில் அச்சடித்தது. அதில் ஆறாம் வசனத்தின் இலக்கம் மேலே சின்னக் கொக்கியும் கீழே சாய்ந்த காலுமாக இருந்தது. எதற்கும் இன்னொன்றையும் பார்ப்போம் என்று, என் கணவர் உம்ராவுக்குப் போனபோது மதீனாவிலிருந்து கொண்டுவந்த குர்ஆனை எடுத்தேன். அதில் ஆறு வேறு மாதிரி. அச்சு அசலாக நாம் எழுதுகிற ஏழு.

என் மகள் உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். அவளிடம் இரண்டையும் காட்டினேன்.

"உம்மா, நாம எழுதுற 6தான் அரபு இலக்கம். இந்து அரேபிய இலக்கம் எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்ச," என்றாள்.

"அப்ப குர்ஆன்ல இரிக்கிறது?"

"அதுவும் அரபுதான்." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் விளங்கல்ல உம்மா."

கட்டாரில் வேலை செய்கிற தம்பிக்கு போன் எடுத்தேன். அரபிகளோடு பழகுகிறவன், அவனுக்குத் தெரியும் என்று நம்பினேன். கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு அவனே திருப்பி எடுத்தான்.

"ராத்தா, எகிப்துக்காரன் ஏழு மாதிரித்தான் ஆற எழுதுறான். ஆனா அத ஹிந்தி நம்பர் எண்டு சொல்றான்."

"ஹிந்தியா? இந்தியாட நம்பரா?"

"ஓம். மொரோக்கோக்காரன் நாம எழுதுற மாதிரியே எழுதுறான். இதான் அசல் அரபு நம்பராம்."

"இப்ப நான் எதப் போடுற?"

"எனக்கென்ன தெரியும் ராத்தா? கேக்க ருசியாச் செய்ங்க. நம்பர யாரு பாக்கப்போறா?"

கடைசியில் மதீனாக் குர்ஆனில் இருந்ததையே ரோஸ் நிற ஐசிங்கில் எழுதினேன். மதீனாவில் அச்சடித்தது பிழையாக இருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளையின் வாப்பா ஓட்டோவில் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் மூடவில்லை.

"தங்கச்சி, ஏழு போட்டிரிக்கீங்க. புள்ள ஆறுதானே முடிச்சிரிக்கா?"

"இது ஆறுதான் காக்கா. அரபு ஆறு."

ஓட்டோவில் இருந்த மகளைக் கூப்பிட்டார். பத்து வயதிருக்கும். கேக்கைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"எங்கட குர்ஆன்ல இப்பிடி இல்ல. ஓதித்தாற ஹஸ்ரத்துட குர்ஆன்ல இப்பிடித்தான் இரிக்கி," என்றாள். பிறகு வாப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஆனா வாறாக்கள் ஏழு எண்டுதான் நினைப்பாங்க," என்றாள்.

அவருக்கு அதுதான் கவலை. முடிக்காததை முடித்ததாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார். கோபப்படவில்லை, அதனால் எனக்குத்தான் கூடுதலாக வெட்கமாக இருந்தது. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, கத்தியால் இலக்கத்தை வழித்தெடுத்தேன். வெள்ளை ஐசிங்கில் ரோஸ் கறை நின்றது. அதை மறைக்க நாலைந்து பூக்களை வைத்து, நடுவில் தமிழில் 'ஆறு' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை வாய்க்குள் வாசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு தாய் போன் எடுத்தார். "கேக் நல்லம். ஆனா நான் அரபுலதானே கேட்ட?" நடந்ததையெல்லாம் சொன்னேன். எகிப்துக்காரன் வரை பொறுமையாகக் கேட்டவர், "அப்ப நம்மட நம்பர் எது தங்கச்சி?" என்றார். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சில நாட்கள் கழித்து என் மகள் எங்கோ தேடி வாசித்துவிட்டு வந்தாள். எல்லா வடிவங்களும் பழைய இந்தியாவிலிருந்து போனவைதானாம். இரண்டுக்கு இரண்டு படுத்த கோடுகள், மூன்றுக்கு மூன்று. கையெடுக்காமல் வேகமாக எழுத எழுத, கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டனவாம். மிச்சமிருந்த ஐசிங்கை ஓயில் பேப்பரில் அப்படியே இழுத்துப் பார்த்தேன். இரண்டு வந்தது. மூன்றும் வந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆறுக்கும் அப்படி ஏதும் வழி இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குக் கோட்டுக் கணக்கு சரிவராது என்றாள். எந்த ஊரில் எப்படித் திரும்பி ஏழு மாதிரி ஆனது என்று கேட்டேன். அவள் சொன்னாள், பாதிவழியில் எனக்குப் பிடி விட்டுப்போனது.

இப்போது யாராவது கேக்கில் இலக்கம் கேட்டால், எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். "அஞ்சு எழுதத் தெரியாதா உங்களுக்கு?" என்று சிலர் சிரிக்கிறார்கள். தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன்.