நான்காம் வரி

சாலமோன் என்பவரின் பெயரை எங்கள் ஆலயச் சுவரிலிருந்து இல்லாமல் ஆக்கியவன் நான். நான்கு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

குத்துக்கல்வலசையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் சிற்றூர். உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத பதினோரு பேரின் நினைவாக, ஊரார் தாங்களே கல் சுமந்து கட்டிய ஆலயம் எங்களுடையது. ஒருவருடைய உடலும் ஊர் வந்து சேரவில்லை. கல்லறை கிடையாது. சுவரில் பெயர்கள் வெட்டிய ஒரு கல் மட்டும்தான். என் தாத்தாவின் பெயரும் அதில் உண்டு.

நான்காம் வரி சாலமோன். அவர் கப்பலேறியபோது தாயின் வயிற்றில் இருந்தவள் எஸ்தர். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பீடி சுற்றித் தனியாகவே வாழ்ந்தவள், எழுத்துத் தெரியாது. மேலிருந்து நான்காவது என்று தாய் காட்டிக்கொடுத்த இடத்தை ஞாயிறுதோறும் விரலால் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

ஆலயத்தைப் புதுப்பித்தபோது, பழைய கல்லை எடுத்துவிட்டு கிரானைட் பதிக்க முடிவாயிற்று. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பெயர்களைப் பார்த்து எழுதித் தரும் பொறுப்பைக் குருவானவர் என்னிடம் விட்டார்.

அப்போது குற்றாலத்தில் சீசன். ஐந்தருவிக்குப் போக மைத்துனர் குடும்பம் வேனில் காத்திருந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பத்துப் பெயர்கள் தெளிவாக இருந்தன. நான்காவது மட்டும் பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? ஒரு மகளின் விரல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதைத் தேய்த்திருந்ததே!

எஸ்தரின் அப்பா என்று தெரியும். பெயர் நினைவுக்கு வரவில்லை. நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டிருக்கலாம்... பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று இடம் விட்டு எழுதினேன். அருவியில் ஆசை தீரக் குளித்தேன். திரும்பும் வழியில், தென்காசியில் கல் வெட்டுபவரிடம் தாளை அப்படியே கொடுத்துவிட்டேன். மறந்துபோனேனா? சோம்பலா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் இடைவெளியை மூடி, நெருக்கி வெட்டிவிட்டார்.

கல்லைப் பதித்த அன்றே பார்த்தேன். நான்காம் வரியில் என் தாத்தா! மறுநாள் பேராயர் வருகிறார், பந்தல் போட்டாயிற்று. பழைய கல்லை உடைத்துப் புதுப் படிகளுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். வாத்தியாரே தப்பாக எழுதிவிட்டார் என்று ஊர் பேசுமே... அந்தப் பயம்தான். வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் அவரவர் வீட்டுப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எஸ்தர் வந்தாள். மேலிருந்து நான்காவது வரியைத் தடவினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தந்தையின் பெயரைப் பிறகு சபைப் பதிவேட்டில் தேடி எடுத்தேன். எடுத்து என்ன பயன்? அடுத்த வாரம் சொல்லலாம் என்று நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

சென்ற மாதம் ஆராதனை முடிந்ததும் அவள் என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

“முன்னால கல்லுல ஒண்ணும் தட்டுப்படாது சார். இப்ப எழுத்து நல்லா ஆழமா இருக்கு. எங்கப்பா பேர ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க.”

அவள் விரல் என் தாத்தாவின் முதல் எழுத்தில் இருந்தது. சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்குமா?

“சாலமோன்” என்று வாசித்தேன்.

விரல் மெல்ல ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது.

“இனி அழியாதுல்லா சார்?”

“அழியாது பெரியம்மா.”

இப்போது ஞாயிறுதோறும் கல்லருகே நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். வாசிக்கச் சொல்கிறாள். நானும் வாசிக்கிறேன்.